கடைசல் மிஷினின் பிரதட்சணம்

எங்கள் ஊரில் ஒரு மிஷின் வந்து இறங்கினால், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்தான் முதலில் வந்து சுற்றி நிற்பார்கள். தெரிந்தவன் அந்த நேரத்தில் எங்காவது வேலை பார்த்துக்கொண்டிருப்பான். ராஜபாளையத்திலிருந்து எங்கள் கடைசல் மிஷின் லாரியில் வந்த அன்றைக்கு, சங்கரன்கோவிலில் வேலைவெட்டி இல்லாதவர்கள் இத்தனை பேரா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. அதில் முதல் ஆள் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு மூன்று வருஷமாக அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிப்பதையே ஒரு உத்தியோகமாகப் பார்த்துவந்தேன். எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ, அந்தச் சமயம்.

அண்ணன் எனக்குப் பதினாலு வயது மூத்தவன். தாலுகா ஆபீஸில் கிளார்க். அப்பா இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். நேரில் 'அண்ணே, நீங்க, சொல்லுங்க' என்பேன். மனசுக்குள் அவன் இவன்தான், இன்றைக்கும் அப்படியே எழுதுகிறேன். ஆபீஸில் அவன் மேஜைக்கு வந்த காகிதம் அடுத்த மேஜைக்கு நகர மாதக்கணக்கில் ஆகும். சாயங்காலம் மட்டும் அப்படிச் சுறுசுறுப்பு. வீட்டுக்கு வந்து குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கோயிலை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் காபி குடிப்பான். தெருவில் அவனுக்கு நல்ல பேர். காகிதம் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

மிஷின் வாங்கும் யோசனை என்னுடையது. சுற்றிலும் விவசாயம். மம்பட்டிக்குக் கணை என்கிற காம்பு வேண்டும், அரிவாளுக்கும் உளிக்கும் பிடி வேண்டும். எல்லாவற்றுக்கும் ஜனங்கள் ஆசாரி வீட்டு வாசலில் போய் நின்றார்கள், அவர் கல்யாண வீட்டுக்குக் கட்டில் செய்வாரா, காம்பு செதுக்குவாரா? ராஜபாளையத்தில் கட்டில் கால் கடையும் ஒரு பட்டறையை மூடப்போகிறார்கள், மிஷினை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய மிஷின். வார்ப்பிரும்பு உடம்பு, முரட்டுத்தனமாகப் பெயர்த்தெடுத்தாலும் உடையாத சாதி. அதன் முன்னால் பன்னிரண்டு வருஷமாக நின்று கடைந்துகொண்டிருந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். நான் மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷின் போற இடத்துக்கு நானும் வாரேன் தம்பி" என்றார். "எனக்கு இந்த ரெண்டு கையும் இந்த மிஷினும்தான். வேற தொழில் தெரியாது. மிஷின் ஒழுங்கா ஓடுனாப் போதும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"அதுக்கு நான் பொறுப்பு அண்ணாச்சி" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுவரை நான் எதற்கும் பொறுப்பாக இருந்ததில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் பெண்டாட்டியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, திருவேங்கடம் சாலைப் பக்கம் ஒற்றை அறை வீடு ஒன்று பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்.

மிஷினை வைக்க இடம், அண்ணன் வீட்டுப் பின்பக்கத் தொழுவம். மாடுகளை விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது, வாடை மட்டும் போகவில்லை. தொழுவம் அவனுடையது. பக்கத்துத் தறிக்காரர்களுக்கு வருகிற மும்முனை மின்சாரத்தை இழுத்துக் கொடுத்ததும் அவன்தான், இணைப்பும் அவன் பேரில்தான். ஆகவே நிபந்தனை அவனுடையது: வேலை செய்கிறவன் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும்.

சரி, கிழக்குப் பார்த்தே நிற்கட்டும். கடைசல்காரர் அதற்குத் தகுந்த மாதிரி தரையில் கோடு போட்டார். குழி தோண்டி, போல்ட்டுகளை நிறுத்தி, கான்கிரீட் போட்டு ஒரு வாரம் காயவிட்டோம். அந்த ஒரு வாரமும் தொழுவத்தில் ஒரே கூட்டம். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மிஷினுக்கு அடியில் சாக்கு மடித்துப் போடச் சொன்னார். ரிட்டயரான சர்வேயர் ஒருவர் வடகிழக்கு மூலையில் பாரம் ஏறக்கூடாது என்று அளந்து பார்த்துச் சொன்னார். எங்கள் தாய்மாமா, வாழ்நாளில் ஒரு ஆணி அடித்தறியாதவர், ரசமட்டம் வைத்துக் கடைசல்காரர் மட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு நூலு ஏறணும்ல" என்றார். எல்லாருக்கும் கடைசல்காரர் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஆகட்டும் அண்ணாச்சி." ஆகட்டும் என்று சொல்லிவிட்டுத் தான் செய்வதைச் செய்துகொண்டே இருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

அந்த மிஷின் எப்படி வேலை செய்யும் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கிழக்கே பார்த்து அதன் முன்னால் நின்றால் இடது கைப் பக்கம் மோட்டார் பெல்ட்டில் சுழலும் அச்சு. அச்சின் நுனியில் மரை வெட்டியிருக்கும். அதில் ஒரு கனத்த இரும்புக் கிண்ணத்தை முடுக்கி மாட்டி, மரக்கட்டையின் ஒரு முனையைக் கிண்ணத்துக்குள் அடித்து இறுக்க வேண்டும். வலது கைப் பக்கம் ஒரு இரும்புக் கூம்பு, கட்டையின் மறுமுனையைக் குத்தி அழுத்திக்கொள்ளும். கட்டையின் மேல்பக்கம் நம்மை நோக்கிச் சுற்றி வரும். நடுவில் உள்ள தாங்கியில் உளியை வைத்துக் காட்டினால் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு போகும்.

"இந்த மரை இருக்கே தம்பி, இதுதான் முக்கியம்" என்று கடைசல்காரர் எனக்குக் காட்டினார். "மிஷின் இந்தப் பக்கம் சுத்தச் சுத்தக் கிண்ணம் தானா இறுகிக்கிட்டே போகும். திருப்பிச் சுத்துனா தானா கழண்டுக்கிட்டே வரும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததோடு நிறுத்தினேனா? கல்லூரியில் படித்த இயக்க விதிகளை எல்லாம் அவருக்கு விளக்கினேன். சுழற்சி, எதிர்விசை, திருப்புத்திறன் என்று தரையில் சுண்ணாம்புக்கட்டியால் படம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதத்தான் தம்பி சொன்னேன்" என்றார்.

ஒயர்மேன் வந்து மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பூவரசங்கட்டையை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். கட்டை முதலில் தடதடவென்று உதறியது. உளி பட்டதும் மெல்ல அடங்கி, கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லாமல் சுற்றியது. உளிப் பிடி ஒன்று பிறந்துவிட்டது. பித்தளைப் பூண் மாட்ட ஒரு படி, உள்ளங்கை அமர ஒரு வயிறு, பின்னால் ஒரு குமிழ். கையில் வாங்கினேன், இன்னும் சூடாக இருந்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் சிரிக்க வேண்டாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பூஜை. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நாலு மூலைக்கும் புளியங்குடி எலுமிச்சை. ஆலோசனைக் கூட்டம் முழுவதும் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தது. தொழுவத்துக்குத் தெற்கே ஒரே வாசல். அண்ணன் அந்த வாசலில் நின்று சூடம் காட்டினான். ஒயர்மேன் சுவிட்சைப் போட்டு உடனே அணைத்தார், மிஷின் மெதுவாக ஒரு நாலு சுற்றுச் சுற்றி நின்றது. பெல்ட் உருளையில் அண்ணன் வைத்த குங்குமப் பொட்டும் அதனோடு சுற்றியது.

"நிறுத்துலே!" என்றான் அண்ணன். மிஷின் ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தது.

"என்னண்ணே?"

"இடமாச் சுத்துதுலே. அப்பிரதட்சணமாச் சுத்துது! நான் பொட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

கூட்டம் 'அடடா' என்றது. மாமா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். சர்வேயர், தனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். கோயிலை யாராவது இடமாகச் சுற்றுவார்களா, புது மிஷின் முதல் நாளே இடமாகச் சுற்றினால் குடும்பம் விளங்குமா? ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை.

"அண்ணே, வாசல்ல நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும். அந்தப் பக்கம் மோட்டாருக்குப் பின்னால போய் நின்னு பாருங்க, இதே மிஷின் வலமாச் சுத்தும்" என்றேன். உண்மை அது. எந்தச் சக்கரத்தையும் இந்தப் பக்கம் பார்த்தால் இடம், அந்தப் பக்கம் பார்த்தால் வலம். அஞ்சாம் கிளாஸ் பிள்ளைக்குக்கூட ஒரு தட்டைச் சுற்றிக் காட்டினால் விளங்கிவிடும்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சாமிய என்ன பின்பக்கமா நின்னால கும்பிடுதோம்?" என்றான்.

அடேயப்பா, என்ன கேள்வி! கூட்டத்தில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மாமா, "கேட்டான் பாரு" என்றார். மூன்று வருஷம் பிசிக்ஸ் படித்த நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

கடைசல்காரர்தான் முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, இது திருப்பிச் சுத்துனா வேலை நடக்காது. உளிய வச்சா மேல தூக்கி அடிக்கும். அதுகூடப் போகட்டும், கிண்ணம் கழண்டுரும். கிண்ணம் கனமான இரும்பு. கழண்டு வந்தா ஆளு மேலதான் விழும்."

"நல்லா முடுக்கி வையும் வே" என்றான் அண்ணன். "முடுக்குன மரை எப்படிக் கழலும்?"

அவர் அவனோடு பேசுவதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான். அவன் பார்வையில் தொழுவம் இருந்தது, மின்சாரம் இருந்தது, நான் தின்ற மூன்று வருஷச் சோறு இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "கொஞ்ச நாள் ஓட்டிப் பாப்போமே அண்ணாச்சி. அண்ணன் மனசுக்கு ஒரு சங்கடம் இருக்கும்போது..."

அவர் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். ஒயர்மேன் மோட்டாரில் இரண்டு ஒயர்களை இடம் மாற்றி முடுக்கினார். அவ்வளவுதான் வேலை. மறுபடி சுவிட்சைப் போட்டதும் குங்குமப் பொட்டு வலமாகச் சுற்றியது. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மாமா, "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார். எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டு, இலையைத் தொழுவத்து வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. கிழக்குப் பார்த்து நின்று உளியை வைத்தால், கீழேயிருந்து மேலே எழும்பி வரும் மரம் உளியைத் தூக்கி மூஞ்சிக்கு எறிந்தது. இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் உளித் தாங்கியைக் கழற்றி மிஷினின் மறுபக்கம் மாட்டிக்கொண்டார். சுவருக்கும் மிஷினுக்கும் இடையே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற இடம்தான் இருந்தது. அங்கே நுழைந்து மேற்குப் பார்த்து நின்றார். அந்தப் பக்கம் நின்றால் மரம் ஒழுங்காக அவரை நோக்கி வந்தது. ஆனால் எல்லாம் இடவல மாற்றம். பன்னிரண்டு வருஷமாக இடது கைப் பக்கம் இருந்த கிண்ணம் இப்போது வலது கைப் பக்கம் இருந்தது. பழகிய கையை விட்டு மறு கையால் உளியைத் தள்ளப் பழகினார். இந்த வயதில் ஒரு மனிதனை இடது கையால் சாப்பிடச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்திருக்கும் அவருக்கு.

அண்ணன் ஒரு நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து வந்த கையோடு எட்டிப் பார்த்தான். "ஏன் வே, மேற்கப் பாத்து நிக்கீரு? கிழக்கப் பாத்து நிக்கணும்னுதான வச்சோம்?"

"மிஷின் அப்படிச் சுத்துது அண்ணாச்சி."

"மிஷின் மேல பழியப் போடாதீரும்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டான்.

இத்தனைக்கும் நடுவில் பிடிகள் நன்றாக வந்தன. அவர் கை அப்படி. கருவேலங்கட்டையில் அரிவாள் பிடி, பூவரசில் உளிப் பிடி. நான் மூட்டை கட்டிக் கரிவலம்வந்தநல்லூர், புளியங்குடி என்று பஸ்ஸில் கொண்டுபோய்க் கடைகளில் போட்டேன். மம்பட்டிக் கணையை மட்டும் ஜனங்கள் தொடவில்லை. இளையரசனேந்தல் பக்கத்துக்காரர் ஒருவர் ஒரு கணையை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "உருட்டுக் கட்டையால்லா இருக்கு. வெட்டும்போது கைக்குள்ள சுத்துமே" என்றார். வானத்தைப் பார்த்து விதைக்கிறவருக்கு வாயைப் பார் என்று நான் மனசுக்குள் வைதேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. முழு உருண்டையாக இருக்கும் கணை கைக்குள் திரும்பும், மம்பட்டித் தகடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கை அறியாது. விஷயத்தைக் கடைசல்காரரிடம் சொன்னேன். "ஆமா தம்பி, ரெண்டு பக்கமும் லேசா அரத்த வச்சுத் தட்டையாக்கணும். நீங்கதான் உருண்டையா வழுவழுன்னு இருந்தா அழகுன்னீங்க" என்றார். அப்புறம் தட்டையாக்கிக் கொடுத்தார், கணையும் போக ஆரம்பித்தது.

கிண்ணம் மட்டும் அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் மிஷினை நிறுத்தி, ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பி முடுக்குவார். மரையில் சணலைச் சுற்றிப் பார்த்தார். கூம்பு எதிர்ப்பக்கமிருந்து அழுத்திக்கொண்டிருக்கும்வரை கிண்ணம் எங்கும் போகாது. பிடியின் குமிழை உருட்டுவதற்காகக் கூம்பைப் பின்னுக்கு இழுக்கும்போதுதான் பயம். அந்த நேரத்தில் கட்டையைப் பிடித்திருப்பது கிண்ணம் மட்டும்தான்.

"கிண்ணத்துல ஒரு ஓட்டையப் போட்டு, பூட்டு மாதிரி ஒரு சின்ன போல்ட் வச்சிட்டா பயம் இல்ல தம்பி. கோவில்பட்டில இரும்பு லேத்துல கொடுத்தா அரை நாள்ல போட்டுக் கொடுத்துருவான்" என்றார்.

"அடுத்த வாரம் கொண்டுபோறேன் அண்ணாச்சி" என்றேன்.

அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். கோவில்பட்டிக்கு பஸ் இல்லாமலா இருந்தது? எனக்குச் சோம்பல். அப்புறம் ஒரு நாள் அவரே வேறு வழி சொன்னார். "அண்ணாச்சி பத்து மணிக்கு ஆபீஸ் போயிருதாக. அஞ்சு மணி வரைக்கும் யாரு வந்து பாக்கப் போறா? காலைல ஒயர மாத்திக்கிடுவோம், சாயங்காலம் திருப்பி மாத்தி வச்சிருவோம். அஞ்சு நிமிச வேலை."

நியாயமான யோசனை. எனக்கு அந்த ஒயர்களை மாற்றத் தெரியும். ஒயர்மேன் செய்யும்போது பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "யாராவது போய்ச் சொல்லிக்கொடுத்துருவாங்க அண்ணாச்சி. மாமா வேற அப்பப்ப வாராரு."

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு வீரத்துக்குக் குறைவே இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள டீக்கடையில் தினமும் காலையில் அண்ணனைப் போல நடித்துக் காட்டுவேன். வாசலில் நின்று சூடம் காட்டுவதையும், 'சாமிய என்ன பின்பக்கமா நின்னால கும்பிடுதோம்' என்பதையும் அவன் குரலிலேயே சொல்லுவேன். மாமா நெஞ்சில் கை வைப்பதையும் விடமாட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். 'ஏலே, இன்னொரு தடவ சொல்லுல' என்பார்கள். முட்டாள்களைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன் முட்டாள் இல்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் சொல்லுவேன். அந்த நேரத்தில் தொழுவத்தில் ஒரு மனிதன் சுவருக்கும் மிஷினுக்கும் நடுவில் ஒருக்களித்து நின்று, அந்த முட்டாள்தனத்தின் நடுவில் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அறுப்புக் காலம் வந்தது. அரிவாள் பிடிக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஒரு நாள் காலையில் நான் டீக்கடையிலிருந்து வந்து கடைந்த பிடிகளைக் கோணியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பிடியை முடித்து, கூம்பைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக் குமிழை உருட்டிக்கொண்டிருந்தார். ஓடுகிற மிஷினின் சத்தம் சட்டென்று மாறியது. அவர் உளியைக் கீழே போட்டுவிட்டு வலது கையைக் கிண்ணத்தை நோக்கி நீட்டினார். தடுக்கத்தான் நீட்டினார் என்று நினைக்கிறேன். பின்னால் விலகச் சுவர் இடம் கொடுக்கவில்லை. கிண்ணம் கட்டையோடு கழன்று அவர் கைமேல் விழுந்து, அப்படியே கையைத் தாங்கியின் இரும்பில் வைத்து நசுக்கிவிட்டுத் தரையில் உருண்டது.

அவர் கத்தவில்லை. "தம்பி, சுவிட்ச அமத்துங்க" என்றார்.

பெரியாஸ்பத்திரிக்குப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். கை இருந்தது, வெட்டவில்லை. கட்டுப் பிரித்தபோது வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துக்கொண்டு பீடியைப் பிடிக்கலாம், உளியைப் பிடிக்க முடியாது.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. பூஜைக்கு வந்த அதே கூட்டம். எனக்கு ஒரு நப்பாசை, யாராவது ஒருத்தர் அந்த ஒயரைப் பற்றிப் பேசுவார்கள் என்று. ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. அண்ணன் தீர்ப்புச் சொன்னான்: "மேற்கப் பாத்து நின்னு வேலை செஞ்சா வேற என்ன நடக்கும்? நான் அன்னைக்கே கேட்டேன். மிஷின் மேல பழியப் போட்டான்." மாமா, "அதுக்குத்தான் பெரியவங்க சொல்லுததக் கேக்கணும்" என்றார். சர்வேயர் வடகிழக்கு மூலையை ஞாபகப்படுத்தினார். எனக்கு அண்ணன் மூஞ்சியில் அறைய வேண்டும்போல இருந்தது. எழுந்து போய் எல்லாருக்கும் காபி கொண்டுவந்து வைத்தேன். மதினி போட்டுக் கொடுத்த காபி.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் கடைசல்காரரின் சம்சாரம் தொழுவத்துக்கு வந்தது. அவருடைய உளிகளை எடுத்துக்கொண்டு போகத்தான். அவர் இனி அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. உளிகளைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, போகாமல் நின்று மிஷினைப் பார்த்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நினைச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்கக்கா."

"இந்த மிஷின் எந்தப் பக்கம் சுத்துனா அந்தக் கிண்ணம் கழலாதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

அதன் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட படங்கள் எல்லாம் எப்போதோ அழிந்துபோயிருந்தன.

"தெரியாதுக்கா" என்றேன்.

அது தலையை ஆட்டியது. "அவுகளும் அதத்தான் சொன்னாக. தெருவுல ஆளாளுக்கு ஒண்ணு பேசுதாங்கன்னு நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். 'ஏட்டி, அந்தத் தம்பி படிச்ச பிள்ளை, மிஷின் விஷயம் அதுக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லல. தெரிஞ்சிருந்தா அது சொல்லாம இருக்குமா'ன்னாக." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. "நீங்க மனசப் போட்டு அலட்டிக்கிடாதீங்க தம்பி" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது.

நானும் சொல்லல என்று அவர் சொல்லியிருக்கிறார். மரையைத் தொட்டுக் காட்டிச் சொன்னவர், கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துக் கேட்டவர், வாராவாரம் அந்த போல்ட்டுக்காக நச்சரித்தவர். எனக்காகப் பெண்டாட்டியிடம் பொய் சொல்லியிருக்கிறார். பாசமா அது, பரிதாபமா, இவனையெல்லாம் ஒரு ஆளாகக் கணக்கில் எடுத்துப் பழி சொல்வதே கேவலம் என்று விட்டுவிட்டாரா? நான் அவரைக் கேட்கவில்லை. போய்ப் பார்க்கவே எனக்கு முகம் இல்லை.

அவர் சம்சாரம் போன பிறகு மெயினை அணைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மோட்டாரின் பெட்டியைத் திறந்து, இரண்டு ஒயர்களைக் கழற்றி இடம் மாற்றி முடுக்கினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கிண்ணத்தை மாட்டி சுவிட்சைப் போட்டேன். சரியான பக்கம் ஓடியது. முன்னால் நிற்க ஆள் இல்லை. அதை அப்படியே ஓடவிட்டுவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வரட்டும் அவன், பார்க்கட்டும், கேட்கட்டும். கேட்டால் இன்றைக்கு ஒரு முடிவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கோயிலிலிருந்து வந்தான். விபூதி ஈரம்கூடக் காயவில்லை. நான் எழுந்து அவன் கண்முன்னாலேயே சுவிட்சை அணைத்தேன். மிஷின் வேகம் குறைந்து குறைந்து, பெல்ட்டின் தையல் ஒவ்வொரு சுற்றாகக் கண்ணுக்குத் தெரிய, இடமாக, நன்றாக இடமாக, ஆறேழு சுற்றுச் சுற்றி நின்றது. அதே வாசலில் நின்று முழுசையும் பார்த்தான்.

"பாத்தியாலே" என்றான். "வலமா எவ்வளவு அழகாச் சுத்துது! மிஷின்ல ஒரு குத்தமும் இல்ல. அந்த ஆளு கைராசிதான் சரியில்ல. வேற ஆளப் பாரு."

"சரிண்ணே" என்றேன்.

மறுநாள் காலையில் வேறு ஆள் பார்க்க ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.